ஊசியில் அடங்காத தளம்: பின்னலில் தொடங்கிக் குரோஷேவுக்கு மாறிய ஒரு வேலையின் நிகழ்வு ஆய்வு

இரண்டு ஊசிகளில் ஸ்வெட்டரும் மப்ளரும் பின்னிப் பழகியவர்கள் முதன்முறையாகக் குரோஷே கொக்கியை (ஒற்றைக் கொக்கியால் நூலைக் கோத்துத் துணி செய்யும் கைவேலையின் கருவியை) கையில் எடுத்தால், அதே மப்ளரைத்தான் கொக்கியால் செய்து பார்க்கத் தொடங்குகிறார்கள். துணி தடித்தும் விறைத்தும் வருகிறது; கழுத்தில் சுற்றினால் பின்னல் துணியைப் போலப் படிந்து விழுவதில்லை; நூலும் எதிர்பார்த்ததைவிட அதிகமாகச் செலவாகிறது; போதாக்குறைக்கு ஓரங்கள் வரிசைக்கு வரிசை உள்ளே ஒடுங்கி, நீள்சதுரமாகத் தொடங்கியது சரிவகமாக முடிகிறது. குரோஷே என்பது மேசை விரிப்புக்கும் பொம்மைக்கும் மட்டுமே உதவும் இரண்டாந்தரக் கைவேலை என்ற முடிவுக்கு அவர்கள் வந்துவிடுவதில் வியப்பில்லை. ஆனால் அந்தச் சோதனையே பிழையானது என்பது என் கருத்து. பின்னல் மிக நன்றாகச் செய்யும் ஒன்றைக் குரோஷேயால் செய்யச் சொல்லிவிட்டு, அது பின்னல்போல இல்லை என்று குறைப்படுவதில் பொருளில்லை. பின்னலால் செய்ய முடியாத ஒன்றைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். அப்படி ஒரு சோதனை, எவரும் கைவேலை ஒப்பீடாகக் கருதித் திட்டமிடாமலேயே, 1997-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்துக் கணிதத்துறையில் நடந்தது.

அதைச் செய்தவர் டைனா டைமினா. லாத்வியாவில் 1954-இல் பிறந்து, அங்கேயே கணிதம் கற்பித்து, 1996-இன் இறுதியில் கார்னெலுக்கு வந்த கணித ஆசிரியர். சிறுவயதிலேயே பின்னலும் குரோஷேவும் கற்றிருந்தார் என்பதால் கொக்கி அவருக்கு முற்றிலும் புதிய கருவியல்ல. இருந்தாலும் இந்த நிகழ்வை நான் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் உண்டு. ஒரே கை, ஒரே பொருளை, முதலில் ஊசியில் தொடங்கி, அது நின்றுபோன இடத்தில் கொக்கிக்கு மாறியது. பொதுவாக இரண்டு கைவேலைகளையும் ஒப்பிடும்போது கைத்திறன் வேறுபாடு குறுக்கே வந்துவிடும். இங்கே அது வரவில்லை.

செய்ய வேண்டியிருந்த பொருள்

டைமினாவுக்குத் தேவைப்பட்டது ஹைபர்போலிக் தளத்தின் மாதிரி. பாடநூல் தமிழில் சொன்னால் அதிபரவளையத் தளம். ஒரு நேர்கோடும் அதன்மேல் அமையாத ஒரு புள்ளியும் இருந்தால், அப்புள்ளி வழியாக அக்கோட்டுக்கு ஒரேயொரு இணைகோடுதான் வரைய முடியும் என்று பள்ளியில் படிக்கிறோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரஷ்யாவின் லோபசெவ்ஸ்கியும் ஹங்கேரியின் போயாயும் தனித்தனியே, ஒன்றுக்கு மேற்பட்ட இணைகோடுகள் செல்லும் ஒரு வடிவவியலும் முரண்பாடின்றி அமையக்கூடும் என்று காட்டினார்கள். அந்த வடிவவியல் நிலவும் பரப்புதான் ஹைபர்போலிக் தளம். அதில் வரையும் முக்கோணத்தின் கோணங்களைக் கூட்டினால் 180 பாகைக்குக் குறைவாகவே வரும்.

சமன்பாடாக எழுதுவது எளிது. கையில் பிடித்துக் காட்டுவதுதான் கடினம். இத்தாலியக் கணிதவியலர் பெல்ட்ராமி பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே காகிதத்தில் ஒரு மாதிரி செய்தார். 1970-களில் அமெரிக்கக் கணிதவியலர் வில்லியம் தர்ஸ்டன் வேறொரு வழியைச் சொன்னார்: ஒரே அளவுள்ள மெல்லிய வளையப் பட்டைகளைக் காகிதத்தில் வெட்டி, ஒன்றின் உள்விளிம்பை அடுத்ததன் வெளிவிளிம்போடு ஒட்டிக்கொண்டே போனால், காகிதம் தானாகவே அலையலையாக நெளிந்து அந்தத் தளத்தின் ஒரு துண்டாகிவிடும். கார்னெலில் வடிவவியல் கற்பித்துவந்த டேவிட் ஹெண்டர்சன் அப்படிச் செய்த ஒரு காகித மாதிரியை வைத்திருந்தார். டைமினா அதை 1997-இல் ஒரு பயிலரங்கில் பார்த்தபோது அது பிய்ந்து போகும் நிலையில் இருந்தது. மாணவர்கள் கையில் கொடுத்தால் தாங்காத மாதிரியை வைத்துக்கொண்டு வகுப்பு நடத்துவது எப்படி என்ற மிகச் சாதாரணமான ஆசிரியக் கவலையிலிருந்துதான் நூல் மாதிரி என்ற எண்ணம் பிறந்தது.

பட்டைகளை ஒட்டும் அந்த முறையைக் கைவேலை தெரிந்த எவரும் உடனே வேறு விதமாகப் படிப்பார்கள். ஒவ்வொரு பட்டையும் ஒரு வரிசை. வெளிவிளிம்பு உள்விளிம்பைவிட நீளம் என்றால் வரிசைக்கு வரிசை கண்ணிகளை, அதாவது துணியை ஆக்கும் நூல் வளையங்களை, கூட்ட வேண்டும் என்று பொருள். கேள்வி, எவ்வளவு கூட்டுவது என்பதுதான். குரோஷேவின் எளிய குட்டைத் தையலான சிங்கிள் குரோஷேயில் தட்டையான வட்டம் வேண்டுமானால் சுற்றுக்குச் சுமார் 6 கண்ணிகள் கூட்டுவது வழக்கம். அதற்குக் குறைவாகக் கூட்டினால் துணி தொப்பிபோலக் குவியும்; கூடுதலாகக் கூட்டினால் விளிம்பு சுருக்கம் விழுந்து நெளியும். புதிதாகக் கற்பவர்கள் எல்லோரும் இந்த நெளிவைத் தவறு என்று பிரித்துவிடுவார்கள். டைமினாவுக்கு வேண்டியது அந்தத் தவறேதான். ஆனால் பரப்பு முழுவதும் ஒரே சீராக அது நிகழ வேண்டும். அதற்கு ஒவ்வொரு வரிசையிலும் ஒரே எண்ணிக்கையை அல்ல, ஒரே விகிதத்தைக் கூட்ட வேண்டும். உதாரணமாக, ஒவ்வொரு 5 கண்ணிக்கும் 6 ஆக்குவது என்று முடிவு செய்தால், முதல் வரிசையிலிருந்து கடைசி வரை அதையே கடைப்பிடிக்க வேண்டும்.

ஊசி நின்ற இடம்

டைமினா முதலில் பின்னல் ஊசியில்தான் தொடங்கினார். ஊசியில் கண்ணிகள் பெருகி, கையாள முடியாத நிலை வந்ததும் அதைக் கைவிட்டார். ஏன் அப்படி ஆனது என்பதற்குக் கணக்கு எளிது. 20 கண்ணிகளில் தொடங்கி, வரிசைதோறும் 5-க்கு 6 என்று கூட்டிக்கொண்டே போனால், 10 வரிசைகளுக்குப் பிறகு ஏறத்தாழ 124 கண்ணிகள். 20 வரிசைகளுக்குப் பிறகு சுமார் 767. 30 வரிசைகளைத் தொடும்போது 4,700-ஐத் தாண்டிவிடும். பின்னலில் இவை அத்தனையும் ஒரே நேரத்தில் ஊசிமேல் இருக்க வேண்டும்.

பின்னலின் அடிப்படை அமைப்பு அதுதான். ஒரு வரிசையின் எல்லாக் கண்ணிகளும் அடுத்த வரிசை வந்து தம்மைப் பூட்டும்வரை திறந்தே கிடக்கின்றன. ஊசி அவற்றைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. ஒன்று நழுவினால் கீழே பல வரிசைகள் வரை ஏணிபோல ஓடிவிடும். ஸ்வெட்டருக்கு இது சுமையல்ல, ஏனென்றால் ஸ்வெட்டரின் அகலம் உடம்பின் அகலத்தோடு நின்றுவிடுகிறது. நைலான் கயிறு இணைத்த வட்ட ஊசியில் சில நூறு கண்ணிகளை நெருக்கித் தள்ளி வைத்துக்கொண்டும் வேலை செய்யலாம். ஆயிரத்தைத் தாண்டும்போது இடம் போதாமை மட்டும் சிக்கலாக இருப்பதில்லை. பின்னிக்கொண்டிருப்பது எப்படிப்பட்ட வடிவம் என்பதே கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. நெளிய வேண்டிய விளிம்பு ஊசியில் கொத்தாகக் கோக்கப்பட்டு நேராக இழுபடுகிறது. சரியாக வருகிறதா என்று பார்க்க வேண்டுமானால் எல்லாவற்றையும் ஊசியிலிருந்து கழற்ற வேண்டும், கழற்றினால் நழுவும்.

குரோஷேயில் எந்த நேரத்திலும் திறந்திருப்பது ஒரேயொரு கண்ணி. பூக்கட்டுபவர் ஒரு முடிச்சைப் போட்டு இறுக்கியதும் கட்டிய சரத்தை மறந்து அடுத்த பூவை எடுப்பதுபோல, கொக்கியும் ஒரு கண்ணியை முடித்துப் பூட்டிவிட்டுத்தான் அடுத்ததற்குச் செல்கிறது. வரிசையில் 20 இருந்தாலும் 4,000 இருந்தாலும் கொக்கிமேல் இருக்கும் சுமை ஒன்றே. முடிந்த பகுதி மடியில் தன் இயல்பான நெளிவோடு கிடக்கும். வேண்டும்போது கொக்கியை உருவிவிட்டுக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கலாம். பல தையல் வகைகள், பூ வேலைப்பாடுகள் என்று குரோஷேவின் சிறப்புகளாகப் பலவற்றைச் சொல்வார்கள். என் பார்வையில் அவை எல்லாம் கிளைகள். வேர் இந்த ஒற்றைத் திறந்த கண்ணிதான்.

கூட்டும் முறையிலும் இது வெளிப்படுகிறது. பின்னலில் ஒரு கண்ணியை இரண்டாக்கப் பல நல்ல வழிகள் உண்டு. மூன்று, நான்கு ஆக்க முற்பட்டால் நூல் இறுகி ஊசி நுழைவது கடினமாகலாம். குரோஷேயில் ஒரே துளைக்குள் இரண்டு தையலும் போடலாம், சிப்பி வடிவத்துக்குப் போடுவதுபோல ஐந்தும் போடலாம். விகிதத்தை விருப்பப்படி மாற்றிப் பார்க்க நினைப்பவருக்கு இந்தச் சுதந்திரம் இன்றியமையாதது.

விறைப்பு குறையாக இல்லாத இடம்

பின்னல் தோற்றதற்கு இரண்டாவது காரணம் ஒன்றும் உண்டு. பின்னல்காரர்கள் பாடம் எடுத்துக்கொள்ள வேண்டியது இதிலிருந்துதான் என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன்.

பின்னல் துணி நீளும். காலுறை குதிகாலைக் கவ்வுவதும் ஸ்வெட்டர் தலைவழியே இறங்கித் தோளில் பொருந்துவதும் அந்த நெகிழ்வால்தான். ஆனால் ஒரு கணித மாதிரியில் நெகிழ்வு பெரும் கேடு. ஹைபர்போலிக் தளத்தின் இயல்பு முழுவதும் தொலைவுகளில் அடங்கியிருக்கிறது: இந்த வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் இடையிலான தொலைவு எவ்வளவு, வரிசையின் நீளம் எந்த விகிதத்தில் வளர்கிறது என்பவையே அதன் வளைவைத் தீர்மானிக்கின்றன. துணியை இழுத்தால் அந்தத் தொலைவுகள் மாறிவிடும். மாறினால் அது வேறு பரப்பு. ஒரு வரிசையின் உயரம் அரை சென்டிமீட்டர், விகிதம் 5-க்கு 6 என்றால், அந்தத் தளத்தின் ஆரம் என்று கணிதத்தில் சொல்லப்படும் அளவு ஏறத்தாழ 2.7 சென்டிமீட்டர் வரும். விகிதத்தை 10-க்கு 11 என்று தளர்த்தினால் ஆரம் 5 சென்டிமீட்டரைத் தாண்டி, நெளிவு மெதுவாகும். துணி ரப்பர்போல நீண்டு சுருங்கினால் இந்தக் கணக்குக்கே இடமில்லை.

எனவேதான் டைமினாவும் ஹெண்டர்சனும் 2001-இல் தங்கள் முறையை விளக்கி எழுதிய கட்டுரையில், அதிகம் நீளாத நூலைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். நெருக்கமாகப் போட்ட சிங்கிள் குரோஷே, மப்ளராகக் கழுத்தில் கிடக்கும்போது எந்த விறைப்புக்காக வெறுக்கப்படுகிறதோ அதே விறைப்பால் மாதிரியை நிமிர்ந்து நிற்க வைக்கிறது. கையால் மடிக்கலாம், விட்டால் பழைய வடிவுக்குத் திரும்பும், மாணவர் ஐம்பது பேர் கைமாறினாலும் பிய்யாது.

மடிக்க முடிவது ஒரு வசதி மட்டுமல்ல. காகிதத்தை மடித்தால் மடிப்பு நேர்கோடாக அமைவதுபோல, இந்தப் பரப்பை மடித்தாலும் கிடைப்பது அத்தளத்தின் நேர்கோடே. அம்மடிப்பின்மேல் வேறு நிற நூலால் தைத்துவிட்டால் கோடு நிலைத்துவிடும். ஒரு கோட்டைத் தைத்து, வெளியே ஒரு புள்ளியைக் குறித்து, அதன் வழியாக இரண்டு மூன்று மடிப்புகள் மடித்துத் தைத்தால், அவற்றில் எதுவும் முதல் கோட்டைச் சந்திக்காமல் விலகி விலகிச் செல்வதை விரலால் தொட்டுப் பார்க்கலாம். சமன்பாடாக மட்டுமே அறிமுகமான கருத்தை மாணவர்கள் இப்படித் தொட்டறிந்தார்கள். 1997 கோடையில் டைமினா வகுப்புக்கான மாதிரிகளைச் செய்து முடித்திருந்தார்.

பின்னர் நடந்தவை

இம்முறையை விரிவாக விளக்கி அவர் எழுதிய நூல் 2009-இல் வெளிவந்தது. அது பிரிட்டனில் ஆண்டின் விந்தையான நூல் தலைப்புக்கு வழங்கப்படும் டயக்ராம் பரிசையும், 2012-இல் அமெரிக்கக் கணிதக் கழகம் ஒன்று வழங்கும் ஆய்லர் நூல் பரிசையும் பெற்றது. முதலாவது கேலி கலந்தது, இரண்டாவது முழுமையான மரியாதை. கைவேலையைக் கணிதத்தோடு சேர்த்துச் சொன்னால் சிரிப்பும் பாராட்டும் கலந்தே வரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

பிரிட்டனின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் கணிதவியலர்கள் ஹிங்கே ஓசிங்காவும் பெர்ன்ட் கிராவ்ஸ்கோப்பும், வளிமண்டலக் காற்றோட்டத்தின் எளிய கணித மாதிரியான லோரன்ஸ் சமன்பாடுகளிலிருந்து எழும் ஒரு சிக்கலான பரப்பை 2004-இல் குரோஷேயில் வெளிக்கொணர்ந்தார்கள். 25,511 தையல்கள், ஏறத்தாழ 85 மணி நேர வேலை. அந்தப் பரப்பைக் கணினியில் வரைய அவர்கள் எழுதியிருந்த நிரல், நடுவிலிருந்து வளையம் வளையமாகப் பரப்பை வளர்த்துக்கொண்டு போவது. அதன் வெளியீடு கிட்டத்தட்ட அப்படியே குரோஷே குறிப்பாகப் படிக்கத்தக்கதாக இருந்தது.

லாஸ் ஏஞ்சலிஸில் மார்கரெட் வெர்தைம், கிறிஸ்டின் வெர்தைம் என்னும் சகோதரிகள் டைமினாவின் முறையைக் கற்று, 2005-இல் குரோஷே பவளப்பாறைத் திட்டத்தைத் தொடங்கினார்கள். விகிதத்தைக் கண்டிப்பாகக் காத்தால் கணித மாதிரி கிடைக்கிறது. வேண்டுமென்றே அங்கங்கே மாற்றினால் கடற்பாசியும் பவளமும் போன்ற உருவங்கள் கிடைக்கின்றன என்பதை அவர்கள் கண்டார்கள். பல நாடுகளில் ஆயிரக்கணக்கானோர் அதில் பங்கேற்றார்கள். 2019-இல் வெனிஸ் பியனாலே கலைக் கண்காட்சியிலும் அந்தப் பாறைகள் இடம்பெற்றன.

மிகையாகச் சொல்லப்படுபவை

இந்த நிகழ்வைச் சொல்லும்போது, கணிதவியலர்கள் முடியாது என்று கைவிட்டதை ஒரு பெண் கொக்கியால் செய்து காட்டி அவர்களைப் பொய்யாக்கினார் என்று கதை கட்டுவது வழக்கமாகிவிட்டது. கேட்க நன்றாக இருந்தாலும் அது உண்மையல்ல. ஜெர்மன் கணிதவியலர் டேவிட் ஹில்பர்ட் 1901-இல் நிறுவியது, முழுமையான ஹைபர்போலிக் தளத்தை முப்பரிமாண வெளியில் மழமழப்பான பரப்பாக, தொலைவுகள் மாறாமல் அமைக்க முடியாது என்பதையே. அந்தத் தேற்றம் இன்றும் நிற்கிறது. குரோஷே மாதிரி முடிவில்லாத தளத்தின் ஒரு துண்டு. துண்டைச் செய்ய எந்தத் தேற்றமும் தடையில்லை. காகிதத்தில் அது முன்பே செய்யப்பட்டிருந்தது. டைமினாவின் பங்களிப்பு, தாங்கும் மாதிரியைத் தந்ததும், எவரும் வீட்டில் செய்யத்தக்க எளிய விதியாக அதை மாற்றியதும் ஆகும். அது சிறிய காரியமல்ல. தேற்றத்தை உடைத்ததாகச் சொல்லி அதைப் பெரிதாக்க வேண்டிய தேவையும் இல்லை.

பின்னலுக்கும் நியாயம் செய்ய வேண்டும். வளைந்த பரப்புகளைப் பின்னல் மூலம் உருவாக்குவது பற்றிக் கேம்பிரிட்ஜ் மாணவர் கணித இதழ் ஒன்றில் மைல்ஸ் ரீட் 1971-இலேயே எழுதியிருக்கிறார். சிறிய துண்டுகளுக்கும், மெல்ல வளரும் விகிதங்களுக்கும் ஊசி போதும். வேகமாகப் பெருகும் விளிம்புதான் அதற்கு ஒவ்வாதது. குரோஷேவுக்கும் எல்லை உண்டு: 5-க்கு 6 என்ற விகிதத்தில், கடைசி வரிசை ஒன்றுக்கு மட்டும் அதற்கு முன் செய்த வேலை முழுவதிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு பிடிக்கும். கொக்கி தாங்கினாலும் கையும் நூல்கண்டும் தாங்காது.

முதன்முறை கொக்கி எடுக்கும் பின்னல்காரருக்கு

பின்னல்காரரின் கையிலிருந்து குரோஷேவுக்குத் தயக்கமின்றி வந்துசேருவது நூலின் இழுவிசையைக் கட்டுப்படுத்தும் பழக்கம். அதிலும் இடக்கையில் நூலைப் பிடித்துப் பின்னுபவர்களுக்கு மாற்றம் எளிது. வலக்கையால் நூலைச் சுற்றிப் பின்னுபவர்கள் இடக்கையை முதலிலிருந்து பழக்க வேண்டியிருக்கும். வராதவை சில உண்டு. ஊசியில் கண்ணியின் அளவு ஊசியின் தடிமனிலேயே அமைந்துவிடும். கொக்கியிலோ முனைக்கு அருகில் ஒடுங்கிய கழுத்து இருக்கிறது. பின்னல்காரர் நூலை அக்கழுத்திலேயே இறுக்கிவிடுவதால் அடுத்த வரிசையில் கொக்கி நுழையாமல் திணறும். கண்ணியைத் தண்டின் முழுத் தடிமன் வரை ஏற்றிவிட்டு முடிப்பதே தீர்வு. ஓரம் ஒடுங்குவதற்குக் காரணம், வரிசையின் கடைசித் தையலை அடையாளம் காணாமல் விட்டுவிடுவது. ஊசியில் கண்ணிகள் தாமே வரிசையாக நின்று எண்ணிக்கையைக் காட்டின. குரோஷேயில் பூட்டப்பட்ட தையல்களின் தலையைப் படித்து எண்ண வேண்டும். செய்முறைக் குறிப்புகளிலும் ஒரு பொறி இருக்கிறது: அமெரிக்கர்கள் சிங்கிள் குரோஷே என்று சொல்வதையே பிரிட்டிஷார் டபுள் குரோஷே என்கிறார்கள். எந்த நாட்டுக் குறிப்பு என்று பார்க்காமல் தொடங்கினால் துணி இரு மடங்கு உயரமாகவோ பாதியாகவோ வரும்.

இவை அனைத்தையும் மப்ளரில் கற்றால், நேரான ஓரம் வராததே பெரிய குறையாகத் தோன்றி ஆர்வம் போய்விடும். டைமினாவின் தளத்தில் கற்றால் நிலைமை வேறு. தேவைப்படுவது சங்கிலியும் சிங்கிள் குரோஷேவும் மட்டும். உடம்பளவுக்குப் பொருந்த வேண்டியதில்லை. ஓரத்தில் ஒரு தையல் விட்டுப்போனாலும் நெளிவில் அது கரைந்துவிடும். இறுக்கமாகப் போடும் பின்னல்காரரின் பழக்கம்கூட, கொக்கி நுழையும் அளவுக்குள் இருக்குமானால், இங்கே உதவியாகிறது. அக்ரிலிக் நூலும், நூல் லேபிளில் சொன்னதைவிட ஓர் அளவு சிறிய கொக்கியும் எடுத்துக்கொண்டு, 20 சங்கிலி போட்டு முதல் வரிசையை நேராக முடிக்கலாம். அடுத்த வரிசையிலிருந்து நான்கு தையல்களில் ஒவ்வொன்று, ஐந்தாவதில் இரண்டு என்று, திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டே போகலாம். வரிசையின் முடிவில் எண்ணிக்கை பாதியில் நின்றால் அதை அடுத்த வரிசையில் தொடர்ந்தால் போதும். பத்தாவது வரிசைக்குள் துணி நெளியத் தொடங்கிவிடும். பதினைந்தாவதில் ஒரு வரிசைக்கு ஏறத்தாழ 250 தையல்கள் ஆகியிருக்கும்; இருபதுக்கு முன்பாகவே நூலை வெட்டி முடிச்சிடுவது நல்லது.